கத்த மாட்டேன் என்று எழுதிக் கொடுத்தேன்

எனக்கும் பக்கத்து வீட்டு அக்காவுக்கும் நடந்தது தண்ணீர்ச் சண்டை. தண்ணீர் போதாமல் வந்ததல்ல, கூடிப்போய் வந்தது. திண்டுக்கல்லில் குடிநீர்க் குழாயடியில் குடத்தோடு காத்துக் கிடக்கும் தெருவில், அவர் வீட்டு மாடித் தொட்டி மட்டும் நிரம்பி வழிந்து என் தையல் அறையின் தகரக் கூரைமேல் கொட்டும். போர்வெல் மோட்டாரைப் போட்டுவிட்டு மறந்துவிடுவார். தகரத்தின் ஓட்டை வழியே ஒழுகி, தைத்து வைத்த ரவிக்கைகள் நனைந்து சாயம் இறங்கும். எனக்கு ஆத்திரம் வராதா?

சுவரோரம் நின்று கத்துவேன். "ஏக்கா, மோட்டார அமத்து! ஊரே தண்ணிக்கு அலையுது, நீ என் தலையில ஊத்துற!"

உள்ளேயிருந்து பதில் பாய்ந்து வரும். "வாரேன்டி, வாரேன்! நாலு சொட்டு விழுந்தா உன் அரமன கரஞ்சா போயிரும்?"

பிறகு மோட்டார் நிற்கும். அநேகமாகத் தினமும் இதுதான். அக்காவுக்குக் கணவர் இல்லை, ஒரே மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தான். அவ்வளவு பெரிய வீட்டில் அவர் தனி ஆள். தெருவில் அவரோடு நாள் தவறாமல் பேசியது யார் என்று கேட்டால், நான்தான். அதைப் பேச்சு என்று யாராவது ஒத்துக்கொண்டால்.

ஒரு நாள் கல்யாணப் பெண்ணின் ரவிக்கை நனைந்துவிட்டது. கையில் இருந்த மர ஸ்கேலைச் சுவர் தாண்டி வீசினேன். யார்மேலாவது படும் என்று நினைக்கவில்லை. அவர் நெற்றி கிழிந்து ரத்தம் வந்தது. நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்விட்டார். கேஸ் என்று போனால் இரண்டு பேருக்கும் அலைச்சல் என்று சொல்லி, அங்கிருந்தவர்கள் எங்களைச் சமரச மையத்துக்கு அனுப்பினார்கள். பைசா செலவில்லை, டீ கூட அவர்களே வாங்கிக் கொடுத்தார்கள்.

சமரசம் பேசியவர் ஒரு வக்கீலம்மா. நல்ல பொறுமைசாலி. இருவரையும் தனித்தனியாகவும் சேர்த்தும் பேச விட்டுக் கேட்டார். நான் மன்னிப்புக் கேட்டேன், மனசாரத்தான் கேட்டேன். ஓட்டையை அடைக்க ஆள் அனுப்புவதாக அக்காவும் சொன்னார். கடைசியில் வக்கீலம்மா என்னைப் பார்த்துச் சொன்னார்: "எல்லாம் கத்துறதுலதான் ஆரம்பிக்குது. இனிமே சுவத்துக்கு மேல ஒரு சத்தம் போகக் கூடாது. குறை இருந்தா எனக்கு போன் பண்ணுங்க, நான் அவங்ககிட்டப் பேசுறேன்." அதையே எழுதி இருவரிடமும் கையெழுத்து வாங்கினார்.

வெளியே படியிறங்கும்போது அக்கா என் பக்கம் திரும்பினார். "அப்ப மோட்டார யாருடி எனக்கு ஞாபகப்படுத்துறது?"

கையெழுத்துப் போட்ட வீம்பில் நான் விறுவிறுவென்று முன்னால் நடந்தேன்.

அதன் பிறகு தெரு அமைதியாகிவிட்டது. அவரும் கவனமாக இருந்தார், தொட்டி வழியவில்லை. எனக்குத்தான் வாய் நமநமவென்று இருந்தது.

பிறகு ஒரு காலையில் தகரத்தின்மேல் தண்ணீர் விழுந்தது. பழக்கத்தில் சுவரோரம் ஓடினேன், வாயைத் திறந்தேன், மூடிக்கொண்டேன். மாட்டிக்கொண்டாயா என்று உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். வழிகிற தண்ணீரை செல்போனில் வீடியோ எடுத்து வக்கீலம்மாவுக்கு அனுப்பினேன். போன் பண்ணினேன், எடுக்கவில்லை. கோர்ட்டில் இருந்திருப்பார். ஓட்டையை அடைக்க ஆள் இன்னும் வந்திருக்கவில்லை; ஒழுகும் இடத்தில் வாளியை வைத்துவிட்டுத் தைக்க உட்கார்ந்தேன். இந்தத் தடவை தப்பு யார் பக்கம் என்று ஊர் பார்க்கட்டும் என்றிருந்தது. வாளி நிரம்ப நிரம்பக் கொட்டிவிட்டு மறுபடி வைத்தேன்.

உச்சிப்பொழுதில் தண்ணீர் நின்றது. கொஞ்ச நேரத்தில் மோட்டார் கருகும் நாற்றம் வந்தது. அப்போதுதான் போய் அவர் வீட்டு ஜன்னலில் எட்டிப் பார்த்தேன்.

சுவிட்சுக்குக் கீழே தரையில் கிடந்தார். வாய் கோணியிருந்தது. கண் மட்டும் திறந்து ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தது.

ஆட்களைக் கூப்பிட்டுக் கதவை உடைத்துத் தூக்கிப் போனோம். பக்கவாதம். "எப்ப விழுந்தாங்க?" என்று டாக்டர் கேட்டார். காலையில் என்றேன். "காலையிலயே கொண்டு வந்திருந்தா..." என்று ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

வக்கீலம்மா ஆஸ்பத்திரிக்கு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை என்று எல்லோரிடமும் சொல்லி வருகிறேன். பொய். கோபம் இருக்கிறது. என்மேல் இருப்பது அதைவிடப் பெரிது.

அக்காவுக்கு ஒரு பக்கம் விழுந்துவிட்டது. நாக்கும் புரளவில்லை. மகன் திருப்பூர் வேலையை விட்டு மனைவியோடு வந்துவிட்டான். நான் போய் உட்கார்ந்தால் அக்கா என் முகத்தைப் பார்ப்பதில்லை.

போன வாரம் மருமகள், சரிசெய்து வந்த மோட்டாரைப் போட்டுவிட்டு மறந்துவிட்டாள். தகரத்தின்மேல் தண்ணீர் விழுந்ததும் நான் எழுந்து ஓடி, தொண்டை கிழியக் கத்தினேன். "ஏக்கா, மோட்டார அமத்து!"

மருமகள் பதறி ஓடிவந்து நிறுத்தினாள். "மன்னிச்சிருங்கம்மா" என்றாள். உள் அறைக் கட்டிலிலிருந்து, "வா... வாரே..." என்று தொடங்கி, அதற்குமேல் போக முடியாமல் ஒரு குரல் முட்டிக்கொண்டிருந்தது. மோட்டார் நின்ற பிறகும் அது நிற்கவில்லை.