ஆறு மில்லிமீட்டர்

இது நடந்தது. நடந்தவளே சொன்னது. கதை கட்டிப் பிழைக்க வேண்டிய நிலை அவளுக்கு இல்லை. பஸ் டிப்போவில் நாற்பது ஆண்களை மேய்க்கிற போர்மேன் அவள். தெருவிலும் அவளுக்கு அதுதான் பெயர். கண்ணால் பார்ப்பதை அவள் பாதிதான் நம்புவாள், டேப் வைத்து அளந்ததை முழுசாக நம்புவாள். அன்றைக்கு நடந்ததையும் அவள் டேப் வைத்துத்தான் அளந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை. பட்டப்பகல்.

வீட்டை ஒட்டிய ஷெட்டில் அந்தக் கார் நின்றது. இரண்டே சீட், கூரை கிடையாது, தரையை உரசுகிற மாதிரி தாழ்வான ஸ்போர்ட்ஸ் கார். நாலு வருடமாக வீட்டிலேயே கட்டியது. ஆசைப்பட்டது அவள் கணவர். கணக்கெழுதுகிற மனிதர், ஸ்பேனரை எந்தப் பக்கம் பிடிப்பதென்றுகூடத் தெரியாது. வெல்டிங் வைத்தது, எஞ்சினைத் தூக்கி மாட்டியது எல்லாம் இவள்தான். நெஞ்சு வலியை "வாயுத் தொல்லை, வாயுத் தொல்லை" என்று மழுப்பியே, எட்டு மாதத்துக்கு முன்னால் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். அந்தக் கோபம் அவளுக்கு ஆறவே இல்லை. அழ வேண்டிய இடத்திலெல்லாம் அவளுக்குப் பற்றிக்கொண்டுதான் வந்தது.

போகிற மனிதர் ஒன்பது வயது மகளுக்கு ஒரு வாக்கு வேறு கொடுத்துவிட்டுப் போயிருந்தார். முதல் சவாரி உனக்குத்தான் என்று. அப்பா போனதிலிருந்து பிள்ளை சரியாகச் சாப்பிடுவதில்லை, யாரோடும் பேசுவதில்லை. கார் எப்போது ஓடும் என்று மட்டும் கேட்கும். நாளை காலை ஒன்பது மணிக்கு வண்டிக்குத் தகுதிச் சோதனை. முடிந்த கையோடு மகளுக்குச் சவாரி. அந்தப் பிள்ளை ஒரு தடவை சிரித்துவிட்டால் போதும் என்றிருந்தது போர்மேனுக்கு.

பாக்கி ஒரே வேலை. நாலு சக்கரத்தருகிலும் வண்டியின் உடம்பு தரையிலிருந்து சரியான உயரத்தில் நிற்க வேண்டும், சக்கரங்கள் நேர் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் தாழ்ந்தால் பிரேக் போடும்போது வண்டி இழுத்துக்கொண்டு போகும். உட்காரப் போவது மகள், அதனால் அரை மில்லிமீட்டர்கூட விடுவதாக இல்லை.

மணி 2:10. ஸ்பிரிங்குக்கு அடியில் இருக்கும் வளையத்தைத் திருகினாள். ஸ்பிரிங் அமர்வதற்காக வண்டியை முன்னும் பின்னும் உருட்டினாள். டேப் வைத்தாள். முன்பக்கம் இரண்டும் 120 மில்லிமீட்டர். சுவரில் சாக்பீஸால் எழுதினாள். சக்கரங்களின் நேர் பார்க்க, இரண்டு பக்கமும் நூல் கட்டினாள். கை கழுவப் போனாள்.

2:25-க்குத் திரும்பி வந்து டேப் வைத்தாள். ஸ்டீயரிங் பக்கம் 114.

தம்பிக்குப் போன் போட்டாள். நேற்று ஷெட்டுக்குள் வந்தவன் அவன் ஒருவன்தான்.

"எதைடா திருகித் தொலைச்ச?"

"டயருக்குக் காத்து மட்டுந்தான்க்கா அடிச்சேன்."

"கை வச்சா ஒடச்சிருவேன்னு சொன்னேனா இல்லையா?"

"சத்தியமா தொடலக்கா. அஞ்சு மணிக்கு வரேன், வந்து திட்டு."

டயரில் காற்று சரியாக இருந்தது. தரையும் சரியாக இருந்தது. மகள் ஏறி விளையாடினாளோ? உள்ளே போய்ப் பார்த்தாள். நல்ல தூக்கம். பல்லைக் கடித்துக்கொண்டு ஸ்பேனரோடு வந்தாள். திருகுவதற்கு முன் மறுபடி உருட்டினாள். 120. திருகாமலே சரியாகியிருந்தது. ஸ்பேனரைக் கீழே வைத்தாள்.

கிர்ர்ர்...

ஸ்பிரிங் முனகியது. மெதுவாக... யாரோ ஏறி உட்கார்வதுபோல.

114.

மணி 2:50. எட்டிப் பார்த்தாள். ஓட்டுபவர் சீட்டின் நடுவில் ஒரு குழி. பார்க்கப் பார்க்க அது இன்னும் கொஞ்சம் அமுங்கியது...

வேறு யாராவது என்றால் ஓடியிருப்பார்கள். போர்மேனுக்கு உச்சந்தலை கொதித்தது.

"வந்துட்டீங்களா? எட்டு மாசம் கழிச்சு இப்பத்தான் வழி தெரிஞ்சுதா? வாயுவாம் வாயு. ஆஸ்பத்திரிக்கு வான்னு கால்ல விழாத குறையா கெஞ்சினேனே, கேட்டீங்களா? நீங்க பாட்டுக்குப் போயிட்டீங்க. ராத்திரி ராத்திரி பிள்ளை அப்பா அப்பான்னு எந்திரிச்சு உக்காருது. நான் என்ன பதில் சொல்ல? மனுஷனா நீங்க?"

குழி அப்படியே இருந்தது.

எட்டு மாதத்தில் முதல் தடவையாக அவளுக்கு அழுகை வந்தது.

"இங்க உக்காந்து என்ன பண்றீங்க? உள்ள வாங்க. பிள்ளை பக்கத்துல கொஞ்ச நேரம் படுங்க. அது நிம்மதியாத் தூங்கட்டும்."

புஸ்ஸ்...

சீட் மேலே எழும்பியது. பக்கத்தில் கட்டியிருந்த நூல் அதிர்ந்தது. யாரோ தட்டிக்கொண்டு போனதுபோல.

டேப் வைத்தாள். 120.

மணி 3:05. முகம் கழுவிக்கொண்டு மீதி வேலையை முடித்தாள். மனசு இத்தனை லேசாகி எவ்வளவோ நாளாகியிருந்தது.

ஐந்து மணிக்குத் தம்பி வந்தான். ஆள் உட்கார்ந்தால் எவ்வளவு இறங்குகிறது என்று பார்க்க அவனை ஏற்றினாள். அவன் அறுபது கிலோ. டேப் 108 காட்டியது.

சாக்பீஸை எடுத்தாள். அறுபது கிலோவுக்குப் பன்னிரண்டு மில்லிமீட்டர்.

கை நின்றுவிட்டது.

அவள் கணவர் எண்பத்து நாலு கிலோ. அவர் உட்கார்ந்திருந்தால் பதினேழு இறங்கியிருக்கும்.

மதியம் இறங்கியது ஆறு.

"என்னக்கா?"

முப்பது கிலோ... அவ்வளவுதான். ஒரு சின்னப் பிள்ளையின் எடை. அவளுக்குத் தெரிந்து அந்த எடையில் அந்த வீட்டில் இருந்தது அவள் மகள் ஒருத்திதான். மகளோ தூங்கிக்கொண்டிருந்தாள்.

அவ்வளவு நேரம் அவள் திட்டியதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது அவர் இல்லை.

அவள் உள்ளே கூப்பிட்டது...

ஓடினாள். இந்தத் தடவை அவளுக்குக் கோபம் வரவில்லை.

மகள் விழித்திருந்தாள். அகலக் கட்டிலில் சுவரோடு சுவராக ஒட்டிப் படுத்திருந்தாள்.

"ஏண்டி... ஏன் அப்படி ஒடுங்கிக் கெடக்க?"

பிள்ளை அம்மாவைப் பார்க்கவில்லை. தன் பக்கத்தில் காலியாகக் கிடந்த இடத்தைப் பார்த்தது.

"தள்ளிப் படுக்க மாட்டேங்குதும்மா. நீதான் படுக்கச் சொன்னியாமே."