வீங்கிய காலில் ஒரு மெட்டி

கட்டைவிரலால் கணுக்காலை அழுத்துவேன். குழி விழும். அது நிரம்பும்வரை எண்ணுவேன். எனக்கு தி.நகரில் புடவைக் கடையில் வேலை. வாங்க வந்தவர்கள் உட்கார்ந்திருப்பார்கள், நாங்கள் நின்றுகொண்டே விரித்துக் காட்ட வேண்டும். விரித்த புடவையின் மறைவில் குனிந்து ஒரு அழுத்து. வலித்தால் அழுத்துவேன். வலிக்காவிட்டால், ஏன் வலிக்கவில்லை என்று அழுத்துவேன். கையைச் சும்மா வைத்திருக்கவே முடியாது.

வலது கால்தான். ஒரு காலையில் கோட்டூர்புரத்தில் எங்கள் குடியிருப்பின் மாடிப்படி இறங்கும்போது சுருக்கென்றது. சாயங்காலத்துக்குள் கணுக்கால் எலும்பே காணாமல் போயிருந்தது. அடிபடவில்லை, சுளுக்கவில்லை. ரத்தம் எடுத்தார்கள், எக்ஸ்ரே எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். எல்லாம் நார்மல். அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நார்மல் என்றால் செருப்பு ஏன் நுழையவில்லை? "ரொம்ப நேரம் நிக்காதீங்க, காலைத் தூக்கி வைங்க" என்றார் டாக்டர். நிற்காமல் புடவை விற்பது எப்படி என்று அவர் சொல்லவில்லை. வீட்டில் தூக்கி வைக்கவும் இடமில்லை. இருப்பது ஒரே அறை. இந்தப் பக்கம் நீட்டினால் சாமி படம், அந்தப் பக்கம் நீட்டினால் மாமனார் படம். கடைசியில் கேஸ் சிலிண்டரைப் பார்த்துக் காலை நீட்டிப் படுத்தேன்.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. வீக்கம் விரலுக்கும் பரவியதும் மெட்டி இறுக்க ஆரம்பித்தது. நர்ஸ் பார்த்துவிட்டு உடனே கழற்றச் சொன்னாள். வீட்டுக்குப் போய்க் கழற்றுகிறேன் என்று தலையாட்டிவிட்டு வந்தேன். கழற்றவில்லை. என் வீட்டுக்காரர் எலக்ட்ரீஷியன். வேளச்சேரியில் புதிதாக எழும்பும் அடுக்குமாடிகளில் சாரத்தில் நின்று வயர் இழுக்கிறவர். அவர் அங்கே அந்தரத்தில் நிற்க, நான் இங்கே மெட்டியைக் கழற்றுவதா? மனசு ஒப்பவில்லை. அடுத்த முறை டாக்டரிடம் போனபோது விரலைப் பஞ்சு வைத்துச் சுற்றிக்கொண்டு, நகம் பெயர்ந்துவிட்டது என்று புளுகினேன். அவர் கணுக்காலை மட்டும் பார்த்துவிட்டு நார்மல் என்றார். அன்று ஒரு நாள்தான் அந்தச் சொல் எனக்கு இனித்தது.

நான்கே நாளில் விரல் நாவல்பழ நிறத்துக்கு வந்துவிட்டது. கிள்ளினால் தெரியவில்லை. பயந்துபோய் சோப்பு, தேங்காய் எண்ணெய் எல்லாம் போட்டுப் பார்த்தேன். மெட்டி அசையவில்லை. அசையாததில் ஒரு நிம்மதியும் இருந்தது, பொய் சொல்வானேன். பஞ்சை மாற்றும்போது வீட்டுக்காரர் பார்த்துவிட்டார்.

"இன்னாடி இது? விரலே செத்துப்போன மாதிரி கீது!"

"கயட்ட மாட்டேன்யா. நீ மேல நிக்கிற ஆளு."

"மேல நிக்கச்சொல்ல நான் இன்னா உன் மெட்டியவா புடிச்சிக்கினு கீறேன்? கம்பியதான் புடிச்சிக்கினு கீறேன். காலைக் குடு."

வேலைப் பையிலிருந்து கட்டிங் பிளேயரை எடுத்தார். தரையில் உட்கார்ந்து என் காலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். கல்யாணத்தில் அம்மிமேல் பிடித்து மெட்டி போட்டதோடு சரி. அதற்கப்புறம் அந்தக் கால் அவர் கைக்கு வந்தது அன்றுதான். டக்கென்று ஒரு சத்தம். நான் ஓவென்று அழுதேன். வலித்து அழவில்லை, பயத்தில் அழுதேன். அப்படியே ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு டாக்டரிடம் போனார். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் விரல் போயிருக்கும் என்று டாக்டர் கத்தினார்.

மறுநாள் அவர் வேலைக்குப் போனார். நான் கடைக்கு லீவு சொல்லிவிட்டு, போனைக் கையிலேயே வைத்திருந்தேன்.

"மேலயா, கீயயா?"

"கீயதான். சோறு துன்னுக்கினு கீறேன், வையி."

கொஞ்ச நேரத்தில் மறுபடியும் அடித்தேன். மறுபடியும் திட்டு வாங்கினேன். ஜன்னலுக்கும் வாசலுக்கும் நொண்டி நொண்டி நடந்தேன். விரல் மெல்லச் சிவந்துகொண்டு வந்தது. கணுக்கால் வீங்கியபடியே இருந்தது. ஏன் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

சாயங்காலம் படியில் அவர் செருப்புச் சத்தம் கேட்டது. அப்போதுதான் உறைத்தது, காலையிலிருந்து நான் ஒரு தடவைகூடக் கணுக்காலை அழுத்திப் பார்க்கவில்லை.