எழுபது மார்க்கு

இந்த ஊரில் மழைக்கும் பர்சென்ட் உண்டு. பக்கத்து வீட்டு மார்கரெட் காலையில் போனைப் பார்த்து, "இன்றைக்கு முப்பது பர்சென்ட்" என்று சொல்லிக் குடையை எடுத்துக்கொள்வாள். வந்த புதிதில், "அப்படியென்றால் வருமா, வராதா?" என்று கேட்டேன். எனக்குக் காது கேட்கவில்லை என்று நினைத்தாளோ என்னவோ, "முப்பது!" என்று உரக்கச் சொன்னாள். ஏற்காட்டில் சேர்வராயன் மலை உச்சியில் மேகம் உட்கார்ந்தால் களத்தில் காயும் காப்பிக்கொட்டையை அள்ளிவிடுவோம். கணக்கு அவ்வளவுதான்.

இங்கிலாந்தில் என் பிழைப்பும் எண்களோடுதான். கணக்கென்றாலே மிரளுகிறவர்களுக்கும் புரிகிற மாதிரி ஆஸ்பத்திரிக் கடிதங்களை மாற்றி எழுதும் வேலை. பர்சென்ட் என்று எழுதக்கூடாது. பத்துப் பேரில் மூன்று பேர் என்று எழுதி, பத்துப் பொம்மை வரைந்து, மூன்றுக்குக் கறுப்படிக்க வேண்டும்.

ஏற்காட்டுப் பக்கம் நாகலூரில் என் அண்ணன் சூசை எஸ்டேட் வேலைக்குப் போகிறவர். போன வாரம் நெஞ்சுவலி என்று சேலத்துக்குப் போய்ப் பரிசோதித்துக்கொண்டார். அன்று சாயங்காலம் வீடியோவில் முகமெல்லாம் சிரிப்பு.

"எழுபது பர்சென்ட்டாம் கண்ணு! நம்மூட்டுல ஆரு எழுபது மார்க்கு வாங்குனா?"

மிஷன் பள்ளிக்கூடத்தில் முப்பத்தைந்துக்கே முட்டி மோதிய மனிதர். டீக்கடையில் எல்லோரிடமும் சொல்லியும் ஆகிவிட்டது. ரோசி அண்ணி ரிப்போர்ட்டைக் கேமராவில் காட்டினார். இதயக் குழாயில் எழுபது பர்சென்ட் அடைப்பு, தாமதிக்காமல் வந்து ஸ்டென்ட் வைத்துக்கொள்ள வேண்டும் என்றிருந்தது.

ஒரு தாளில் பத்து வட்டம் போட்டு, ஏழுக்குக் கறுப்படித்துக் காட்டினேன்.

"அண்ணா, ரத்தம் போற வழி பத்துப் பங்குன்னா, ஏழு அடைச்சுப்போச்சுங்க."

சிரிப்பு நின்றது. வட்டங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். புரிந்துவிட்டது என்று நான் மூச்சு விடுவதற்குள் சொன்னார்:

"மூணு தொறந்திருக்குதில்ல? கோடையில நம்ம எஸ்டேட் லைன் ஊட்டுப் பைப்புல அத்தன தண்ணிகூட வராது. பொழைக்கலியா?"

இந்தப் பதிலுக்கு எனக்கு அலுவலகத்தில் யாரும் பயிற்சி தரவில்லை. எண் புரிந்தால் பயம் தானாக வந்துவிடும் என்று நம்பித்தான் இத்தனை பொம்மைகள் வரைகிறோம். கோபம் வந்தது, அழுகையும் வந்தது.

"பைப்பு நின்னா பக்கத்தூட்டுல மோந்துக்குவீங்க. இது நின்னா என்ன பண்ணுவீங்க?" என்று கத்திவிட்டேன்.

"காப்பிப் பழம் எடுத்து முடியட்டும் கண்ணு" என்று இழுத்தார். அண்ணி விடவில்லை. "பைய எடுத்து வச்சாச்சுங்க. செவ்வாக்கெழம மத்தியான பஸ்ஸுக்குச் சேலம் போறோம்" என்றார்.

இன்று செவ்வாய். இங்கே காலை, நல்ல வெயில்; அங்கே பஸ் நேரம். போனில் ஏற்காட்டைப் பார்த்தேன். மழை தொண்ணூறு பர்சென்ட். அண்ணனுக்கு இன்னொரு சாக்குக் கிடைத்துவிட்டதே! அண்ணிக்குப் போன் அடித்தேன், எடுக்கவில்லை. பஸ் ஸ்டாப்பில் மார்கரெட் என் கையைப் பார்த்து, "இன்றைக்குப் பூஜ்யம்தானே, குடை எதற்கு?" என்றாள். குடையை எப்போது எடுத்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

பஸ் வந்து கதவு திறந்தது. மார்கரெட் ஏறிக்கொண்டாள். அண்ணன் அங்கே ஏறிவிட்டார் என்று தெரியாமல் எனக்கு இங்கே காலெடுத்து வைக்க வரவில்லை. டிரைவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.