காது கேளாத மூச்சன்

'மூச்சன் பறக்க வேண்டும்' என்று ப்ரூஃபின் முதல் பக்கத்திலேயே சிவப்புப் பேனாவால் எழுதி அனுப்பியிருந்தார் கல்வித்துறை அதிகாரி. நான் அப்போது போர்ட் பிளேரில் ஓர் அச்சகத்தில் லேஅவுட் வேலை பார்த்தேன். பள்ளிப் பிள்ளைகளுக்குக் கடல் பாதுகாப்பைச் சொல்லும் காமிக்ஸ் புத்தகம், இந்தியிலும் தமிழிலும் எங்களுக்கு ஆர்டராக வந்திருந்தது. மூச்சன் அதன் கதாநாயகன்.

கதையும் படமும் இசக்கிமுத்து அண்ணாச்சியுடையவை. தூத்துக்குடிக் குடும்பம். கப்பலின் அடிப்பகுதியைத் தண்ணீருக்குள் இறங்கிப் பழுதுபார்க்கும் டைவராக இருந்தவர். கூட இறங்கியவரின் காற்றுக்குழாய் சிக்கிக்கொள்ள, அவரை இழுத்துக்கொண்டு அவசரமாக மேலே வந்ததில் இடது காது போய்விட்டது. வலது காதும் மெல்ல மங்கும் என்று டாக்டர் சொன்ன பிறகு வேலையை விட்டு, பக்கத்துக் கடற்கரை ஊரான வண்டூரில் படகுகளுக்குப் பெயர் எழுதிப் படமும் வரைந்துகொண்டிருந்தார். அப்படி ஒரு படகைப் பார்த்துத்தான் எங்கள் முதலாளி அவரைக் கூப்பிட்டனுப்பினார்.

அவர் வரைந்த மூச்சன் எவ்வளவு நேரமானாலும் தண்ணீருக்குள் மூச்சடக்கி இருப்பான். மூழ்குகிறவர்களுக்குத் தன் மூச்சில் பாதியைக் கொடுப்பான். கொடுக்கும் ஒவ்வொரு முறையும் அவன் காது கொஞ்சம் மந்தமாகும். கடைசிப் பக்கத்தில், கவிழ்ந்த படகிலிருந்த எல்லோரையும் கரைசேர்த்துவிட்டு மணலில் உட்கார்ந்திருப்பான். சுற்றி நிற்பவர்கள் கைதட்டிக் கத்துவார்கள். அவர்கள் பேசும் பலூன்கள் எல்லாம் வெறுமையாக இருக்கும். அந்தப் பக்கத்தில் எனக்கு டைப் செய்ய ஒன்றும் இல்லை. பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அதிகாரி மறுநாள் நேரில் வந்தார். தீவிலேயே பிறந்து வளர்ந்த தமிழர், கெட்டவர் அல்ல. நாற்காலியை அண்ணாச்சியின் வலது பக்கமாக நகர்த்திப் போட்டுக்கொண்டுதான் பேசினார்.

“படம் பஹுத் அச்சா இருக்கு. ஆனா ஒருத்தனக் காப்பாத்தினா காது போயிரும்னு ஸ்கூல் பச்சா லோக் பயந்துருவாங்க. அத எடுத்துருங்க. பறக்கட்டும். கண்ணுலருந்து லைட் வரட்டும்.”

கடைசிப் பக்கத்தையாவது விட்டுவிடலாமே என்று நான் கேட்டுப் பார்த்தேன். முதலாளியும் கேட்டார். முடியாது என்றார் அதிகாரி. அண்ணாச்சி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“வண்டூர் ஸ்கூலுக்கும் இந்தப் புக்கு போகும்லா?”

வண்டூரில் அலை இழுத்துக்கொண்டுபோன ஒரு பெண்பிள்ளையின் உடலை முந்தைய மழைக்காலத்தில் அவர்தான் மூழ்கி எடுத்துக் கொடுத்திருந்தார். போகும் என்றார் அதிகாரி.

“அப்பம் மாத்திருதேன்.”

மாற்றினார். மூச்சன் பறந்தான். புத்தகம் பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. வடக்கே மாயாபந்தர் வரை கேட்டு வாங்கினார்கள். அண்ணாச்சி ஒரு பிரதியைப் புரட்டிவிட்டு, யாரோ வரைந்த மாதிரி இருக்கிறது என்று சொல்லி மேசைமேலேயே வைத்துவிட்டுப் போனார்.

சில வருஷங்கள் கழித்து இரண்டாம் புத்தகம் கேட்டார்கள். புதிதாக வந்த பெண் அதிகாரி பழைய ப்ரூஃபைப் பார்த்துவிட்டு, காது கேளாத மூச்சனே வேண்டும், அப்படிப்பட்ட பிள்ளைகளும் பள்ளிக்கு வருகிறார்களே என்றார். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அன்றைக்கே பஸ் பிடித்து வண்டூருக்குப் போனேன்.

இப்போது வலது காதும் கேட்பதில்லை, எழுதித்தான் காட்ட வேண்டும் என்று அண்ணாச்சியின் மனைவி வாசலிலேயே சொன்னார். போனில் பெரிய எழுத்தில் டைப் செய்து நீட்டினேன். திரும்பத் திரும்பப் படித்தார். முகம் மலர்ந்தது. உள்ளே போய்ப் பென்சிலும் தாளும் எடுத்து வந்து, தலைக்கு ஒரு வட்டம் போட்டார். தோளை வரைந்தார். அங்கேயே கை நின்றுவிட்டது.

தன் குரல் தனக்கே கேட்காததால் சத்தமாகத்தான் சொன்னார். “அப்பம் ஒரு காது கேட்டுச்சு தங்கச்சி. கேக்கலன்னா எப்படி இருக்கும்னு நெனச்சு வரைஞ்சேன். இப்பம் வரைஞ்சா நானுல்லா வந்து நிக்கேன்.”

அவசரமில்லை, மெதுவாகச் செய்யலாம் என்று டைப் செய்யத் தொடங்கினேன். போனைக் கையால் மூடி, வேண்டாம் என்று தலையசைத்தார். அவர் மனைவி எனக்கு டீ போட எழுந்து போனார்.

இரண்டாம் புத்தகத்தை மெயின்லேண்டில் ஒருவர் வரைந்தார். மூச்சன் அதிலும் பறக்கிறான்.

இந்த வேலைக்கு வருகிற இளையவர்களுக்கு ஒன்று சொல்வேன். திருத்தம் கேட்கிறவர் கெட்டவராக இருக்க வேண்டியதில்லை. அவர் பேச்சில் நியாயமும் இருக்கும். ஆனால் ஒருவர் ஒன்றை வரைய முடிகிற காலம் என்று ஒன்று இருக்கிறது. அது கடந்துவிட்டால், பிறகு எல்லோரும் சம்மதித்தாலும் அந்தக் கை அங்கே திரும்பிப் போவதில்லை.