எண்பது காசுப் பங்கு

ராமக்காளை இண்டூரில் 'ஷேர்க்காரி' என்றுதான் சொல்வார்கள். பெருமைக்கு அல்ல, கிண்டலுக்கு. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா?

அவள் புளி மண்டியில் கொட்டை எடுக்கும் கூலிக்காரி. ஆறு வருடத்துக்கு முன், சேர்த்து வைத்த பதினாறாயிரத்தையும் போட்டு ஓர் இரும்புக் குழாய்க் கம்பெனியின் பங்கை எண்பது காசு வீதம் இருபதாயிரம் வாங்கினாள். மகள் கோகிலவாணிதான் போனில் கணக்குத் திறந்து கொடுத்தாள். மூன்றாம் மாதமே பங்கு முப்பது காசுக்கு விழுந்தது. கணவன் மாது தலையில் அடித்துக்கொண்டான். அவன் அண்ணன் பச்சியப்பன், "முப்பது காசுக்கு முட்டாய்கூட வராது" என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார்.

அவள் அசையவில்லை. விலை இல்லாத வருடம் மண்டிக்காரர் புளியைக் கிடங்கில் பூட்டிவைத்து, ஏறிய பிறகு விற்பதைப் பல வருடமாகப் பார்த்தவள். தக்காளியைப் பறித்த அன்றைக்கே வந்த விலைக்குத் தள்ளிவிட்டு வரும் வீட்டாருக்கு இந்தப் பொறுமை எங்கே புரியப்போகிறது!

இந்தத் தை மாதம் பங்கு ஆறு ரூபாய் ஆனது. பச்சியப்பன் வாசல் தேடி வந்தார். ஏற்கெனவே நிலத்தில் தண்ணீருக்காக இரண்டு போர்க் கிணறு போட்டுப் புழுதியை மட்டும் பார்த்தவர்.

"ஏம்மா, அத வித்துப்போடு. லட்சத்து இருவதாயிரம் வரும். மூணாவது போர் போட்டுரலாம். எல்லாம் நம்ம வூட்டுக்குத்தானே?"

மாது கெஞ்சும் முகத்தோடு அவளைப் பார்த்தான். நிலம் மாமனார் பேரில், வீடு பச்சியப்பன் பேரில். அவள் நகை இரண்டாவது போருக்கே போய்விட்டது. அவள் பேரில் மிச்சம் இருந்தது அந்தப் பங்கு ஒன்றுதான்.

"முப்பது காசா இருந்தப்ப அது என்னோட பைத்தியம். ஆறு ரூவா ஆனதும் வூட்டுதுங்களா மாமா? விக்க மாட்டேனுங்க."

அடுத்த வாரமே பங்கு நான்கு ரூபாய்க்கு இறங்கியது. பச்சியப்பனுக்கு வாயெல்லாம் பல். மண்டிக்கே வந்து, பத்துப் பெண்கள் முன்னால் கேட்டார்: "நாப்பதாயிரம் போச்சே, இப்ப என்ன சொல்ற?"

ராமக்காள் புளிக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, போனை எடுத்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"கணக்குல யார் பேரு போட்டிருக்குது, படிங்க மாமா."

அவளே உரக்கப் படித்தாள்: "ராமக்காள்."

பிறகு அந்த வாரக் கூலியில் இன்னும் நூறு பங்கு வாங்கிவிட்டு, புளிக்குத் திரும்பினாள்.