கதவை மூட மறுக்கும் மேவிஸ்

இன்று காலை கொட்டும் மழையில், பேருந்தின் பின்கதவை அகலத் திறந்து வைத்துக்கொண்டு, நடைபாதையில் பத்தடி தாண்டிப் போய்விட்ட ஒருவரைப் பார்த்து, "அந்த வளைவுல பாத்துப் போங்க, வழுக்கும்!" என்று கத்திக்கொண்டிருந்த மேவிஸ் கோவல்சுக்கைச் சந்தித்தேன். சந்தித்தேன் என்று சொல்வதே தப்பு. நாலு வருடமாக அவர் ஓட்டும் வண்டியில்தான் போய்வருகிறேன். ஆனாலும் அவர் யார் என்று எனக்கு இன்றைக்குத்தான் தெரிந்தது. சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

எங்கள் வான்கூவரில் பேருந்தை விட்டு இறங்கும்போது யாரும் ஓட்டுநருக்கு "தேங்க்ஸ்" சொல்லாமல் இறங்குவதில்லை. முன்கதவாக இருந்தாலும் சரி, பின்கதவாக இருந்தாலும் சரி. காதில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தாலும் வாய் தானாகச் சொல்லிவிடும். மற்ற ஓட்டுநர்கள் பதிலுக்குக் கையை லேசாகத் தூக்குவார்கள், முடிந்தது. மேவிஸ் வாய்விட்டுப் பதில் சொல்வார். ஒவ்வொருவருக்கும், தனித்தனியாக. ஒரே நிறுத்தத்தில் ஒரே பதிலை இரண்டு தடவை சொன்னால் அவருக்கு அவமானம். "குடை, குடை, குடைய விட்டுட்டீங்க!" "முடி வெட்டினது எடுப்பா இருக்கு செல்லம்!" "பரிட்சைய ஊதித் தள்ளு!" கடைசி ஆளுக்குப் பதில் சொல்லி முடிக்கும்வரை கதவு மூடாது, வண்டி நகராது. யாராவது ஒன்றும் சொல்லாமல் இறங்கிப் போனால் அவர் கோபப்பட மாட்டார். கவலைப்படுவார். மறுநாள் ஏறும்போதே, "நேத்து உடம்பு சரியில்லையா?" என்று விசாரிப்பார்.

வயது ஐம்பத்தெட்டு. குள்ளம். இருக்கையில் இரண்டு திண்டு போட்டால்தான் சாலை தெரியும். சித்திரை வெயில் போலக் கொளுத்துகிற நாளிலும் தலையில் கம்பளிக் குல்லாய். வண்டிக்குள் கிடைத்த ஒற்றைக் கையுறைகளை எல்லாம் முன்பக்கக் கண்ணாடியோரம் வரிசையாகச் சாத்தி வைத்திருப்பார். பார்க்க ஏதோ பத்துப் பேர் உள்ளே வர அனுமதி கேட்டுக் கைதூக்கி நிற்பது போல இருக்கும். முட்டை சாண்ட்விச்சை நாலாக வெட்டிக் கொண்டுவந்து, கடைசி நிறுத்தம் வரும்போதெல்லாம் ஒரு துண்டு சாப்பிடுவார். அவர் ஓட்டுவது தலைக்கு மேலே மின்கம்பியைப் பிடித்துக்கொண்டு ஓடும் வண்டி. திருப்பத்தில் சில சமயம் கூரையில் இருக்கும் அதன் நீளக் கொம்பு கம்பியை விட்டுக் கழன்றுவிடும். மேவிஸ் மழையில் இறங்கி, கயிற்றைப் பிடித்து இழுத்துக் கொம்பை மறுபடி மாட்டுவார். மாட்டிவிட்டு வண்டியின் முதுகில் தட்டி, "மன்னிச்சுக்கடி, என் தப்புதான்" என்பார்.

இப்படிப்பட்டவருக்கு உலகக் கோப்பை வடிவில் வந்தது சோதனை.

அடுத்த மாதம் உலகமே கால்பந்து பார்க்க எங்கள் ஊருக்கு வருகிறது. மைதானத்துக்கு ஆட்களை ஏற்றி இறக்கப் புது வண்டி வரிசை. எழுபது பேர் இறங்கி, கதவு மூட, மொத்தம் தொண்ணூறு விநாடி. அதற்கு மேல் ஆனால் பின்னால் வரும் வண்டிகள் பாலம்வரை தேங்கிவிடும் என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறார் திட்ட அதிகாரி கெல்வின் லாவ். தொண்ணூறுக்குள் முடிக்கிற ஓட்டுநருக்கு மைதான வண்டி. முடிக்காதவருக்குப் பணிமனையில் உட்கார்ந்து, யாருக்காவது காய்ச்சல் வந்தால் போகிற வேலை.

மேவிஸுக்கு அந்த மைதான வண்டி வேண்டும். சாதாரணமாக அல்ல, சின்னப் பிள்ளை மிட்டாய் கேட்பது போல வேண்டும். பதினாறு வருடத்துக்கு முன்னால் இங்கே குளிர்கால ஒலிம்பிக் நடந்தபோது, அது தொடங்குவதற்கு இரண்டு நாள் முன்பு அவர் தன் வீட்டுப் படியில் வழுக்கிக் கணுக்காலை உடைத்துக்கொண்டார். "ரெண்டு வாரமும் கட்டுப்போட்ட கால ஜன்னல்மேல நீட்டிக்கிட்டுக் கெடந்தேன். என் ரூட்டு, என் வண்டி, வேற எவனோ ஓட்டறான். ஊரு ஊருலேர்ந்து வந்தவங்க என் வீட்டுக்கு எதுக்க எறங்கறாங்க. ஒருத்தருக்காவது அவன் பதில் சொன்னானா? ஜன்னல்லேர்ந்து நான்தான் சொன்னேன், அத்தன பேருக்கும்!"

இன்று காலை ஒத்திகை. வெளிநாட்டு ரசிகர்களாக நடிக்க எழுபது பேர் வேண்டும் என்று அறிவித்திருந்தார்கள். பேருந்து என்றால் எனக்குச் சோறு தண்ணீர் வேண்டாம், முதல் ஆளாகப் போய் நின்றேன். கன்னத்தில் எந்த நாடு என்று யாருக்குமே தெரியாத ஒரு கொடியை வரைந்து, கையில் ஊதுகுழல் கொடுத்தார்கள். கூடவே ஒரு தாள்: 'ஆரவாரம் செய்யவும். முண்டியடிக்கவும்.'

எங்கள் ஊர் ஆட்களிடம் போய் இதைச் சொன்னால்? கதவருகே என் பின்னால் நின்ற ஒரு அம்மா என் தோளைத் தொட்டார். "மன்னிச்சுக்கப்பா, உன்ன இடிக்கச் சொல்லியிருக்காங்க. இப்ப இடிக்கட்டுமா, இல்ல நீ ரெடியானதும் சொல்றியா?"

"அய்யோ, நீங்க முதல்ல இறங்குங்க."

"சேச்சே, நீதான் முன்னாடி நிக்கறே."

இந்த லட்சணத்தில் முதல் ஓட்டம். முன், நடு, பின் என்று மூன்று கதவுகளிலும் இறங்கினார்கள். ஒவ்வொருவரும் "தேங்க்ஸ்" சொல்லிவிட்டுப் பதில் வரும்வரை படியிலேயே நின்றார்கள். மேவிஸும் எழுபது பேருக்கும் எழுபது விதமாகச் சொன்னார். நாலு நிமிடம் பத்து விநாடி.

கெல்வின் நனைந்துபோய் உள்ளே ஏறினார். நல்ல மனுஷன், யாரையும் திட்டத் தெரியாது. "மேவிஸ், கெஞ்சிக் கேக்கறேன். அடுத்த தடவ யாரும் தேங்க்ஸ் சொல்லக் கூடாது. நீங்களும் பதில் சொல்லக் கூடாது."

"யாரும் சொல்லலன்னா நான் ஏன் கெல்வின் பதில் சொல்லப்போறேன்? நானென்ன பைத்தியமா?"

இரண்டாவது ஓட்டம். எல்லாரும் வாயை இறுக்கி மூடிக்கொண்டு, குற்றம் செய்தவர்கள் போலத் தலை குனிந்து இறங்கினோம். நிமிடம் ஒன்றுகூட ஆகவில்லை. கெல்வின் முகத்தில் வெளிச்சம். அப்போதுதான் மர ஆலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற குர்தயால் சிங் தாத்தா, பின்கதவால் இறங்கியவர், பொறுக்க முடியாமல் வண்டியைச் சுற்றி நடந்து முன்கதவுக்கு வந்தார். இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு, "தேங்க்ஸ்மா. நான் சொன்னேன்னு அந்தத் தம்பிகிட்ட சொல்லிடாத" என்று ரகசியமாகச் சொன்னார். "மூச்சு விடமாட்டேன் சிங்ஜி, தலப்பாகை நனையுது, ஓடுங்க" என்றார் மேவிஸ், அதே ரகசியக் குரலில்.

திரும்பிப் பார்த்தால் அவருக்குப் பின்னால் வரிசை. எழுபது பேரும்! ஊதுகுழலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மழையில், ஒருவரை ஒருவர் இடிக்காமல், கிளம்ப வேண்டிய பேருந்துக்கு ரகசியமாக நன்றி சொல்ல வரிசையில் நிற்கிறார்கள். நானும் நின்றேன், வேறென்ன செய்ய?

ஆறு நிமிடம் நாற்பது விநாடி.

கெல்வின் படியில் உட்கார்ந்துவிட்டார். "இன்னும் ஒரே ஒரு ஓட்டந்தான் மேவிஸ். அதுவும் இப்படின்னா உங்க பேர நான் பணிமனைப் பட்டியல்லதான் எழுதணும். எனக்கு வேற வழியில்ல."

கடைசி நிறுத்தம் வராமலேயே மேவிஸ் சாண்ட்விச் பெட்டியைத் திறந்தார். ஒரு துண்டை மென்றார். கையுறைகளைப் பார்த்தார். குல்லாயைக் கழற்றித் திரும்பப் போட்டார். அவர் குல்லாயைக் கழற்றி நான் பார்த்ததே இல்லை.

"இது தும்மல் மாதிரி கெல்வின்" என்றார் கடைசியில். "தடுத்தா நிக்காது. முன்கூட்டியே வாங்கிடணும்."

மூன்றாவது ஓட்டம். மைதான நிறுத்தத்துக்கு முன்னால் ஒரு சிவப்பு விளக்கு. வண்டி நின்றதும் மேவிஸ் ஒலிவாங்கியை எடுத்தார். "மக்களே, அடுத்தது மைதானம். எறங்கறப்ப நேரமில்ல. மனசுல இருக்கறத இப்பவே கொட்டிடுங்க!"

எழுபது பேரும் ஒரே குரலில் "தேங்க்ஸ் மேவிஸ்!" என்று கத்தினோம். ஊதுகுழல்கள் வேறு. பக்கத்துக் காரிலிருந்த நாய் குரைத்தது. மேவிஸ் தலைக்கு மேலிருந்த கண்ணாடியில் எங்கள் எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்து, "எழுவது பேருக்கும் சேத்து ஒரே பதில் சொல்றேன், மன்னிச்சுக்கங்க" என்றார். குல்லாயைச் சரிசெய்துகொண்டார். "வந்ததுக்கு சந்தோஷம். மறுபடி வாங்க."

பச்சை விழுந்தது. நிறுத்தம். கதவுகள் திறந்தன. கடன் தீர்ந்த நிம்மதியோடு திமுதிமுவென்று இறங்கினோம். அந்த அம்மா என்னை நிஜமாகவே இடித்தார்! எழுபதாவது ஆள் தரையில் கால் வைத்தபோது எண்பத்து மூன்று. கடைசியாகக் கெல்வின், கையில் ஓடும் கடிகாரத்தோடு, பின்கதவால் இறங்கினார். மேவிஸ் கதவை மூட வேண்டியதுதான் பாக்கி.

"தேங்க்ஸ்!" என்றார் கெல்வின்.

பழக்கதோஷம். சொன்ன வாயைக் கையால் பொத்திக்கொண்டார். எண்பத்தெட்டு. நாங்கள் எல்லோரும் "மூடுங்க, மூடுங்க!" என்று அலறினோம். மேவிஸின் கை பொத்தானுக்கு மேலேயே நின்றது. கண்ணாடியில் கெல்வினைப் பார்த்தார்.

"சளி பிடிச்சுடும் கெல்வின். வீட்டுக்குப் போய்த் தலையத் தொவட்டு, சூடா ஏதாச்சும் குடி."

அதன் பிறகுதான் கதவு மூடியது. தொண்ணூற்று ஐந்து.

கெல்வின் கடிகாரத்தைப் பார்த்தார், மழையைப் பார்த்தார், படிவத்தை எடுத்தார். "பயணிகள் எறங்கின நேரம்னுதான் இதுல போட்டிருக்கு. நான் பயணி இல்லையே, அதிகாரிதானே?" என்று எங்களிடமே கேட்டார். "ஆமா, ஆமா, அதிகாரிதான்!" என்று எழுபது பேரும் தலையாட்டினோம். எண்பத்து மூன்று என்று எழுதினார். குர்தயால் தாத்தா ஊதுகுழலை எடுத்து ஊதினார் பாருங்கள், மைதானத்தில்கூட அப்படி ஒரு சத்தம் கேட்காது.

போட்டிக்கு வருகிறவர்கள் தயவுசெய்து மேவிஸின் வண்டியில் ஏறுங்கள். முன்பக்கக் கண்ணாடியில் கையுறைகள் கைதூக்கி நிற்கும், அதுதான் அடையாளம். வருகிறவர்கள் யாரையாவது தெரிந்தால் இதை அவர்களுக்கு அனுப்பிவையுங்கள். சிவப்பு விளக்கிலேயே சொல்லிவிடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் பாலம்வரை வண்டிகள் நிற்கும். சொல்லாமல் இறங்கிவிடலாம் என்று மட்டும் நினைக்க வேண்டாம்.

நான் நினைத்துப் பார்த்தேன். மதியம் அவருடைய வழக்கமான வண்டியில் வந்து, என் நிறுத்தத்தில் வேண்டுமென்றே ஒன்றும் பேசாமல் பின்கதவால் இறங்கி நின்றேன். வண்டி கிளம்பவில்லை. உள்ளே இருந்த பதின்மூன்று பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். கண்ணாடியில் குல்லாய்க்குக் கீழே இரண்டு புருவங்கள் மெல்ல மேலே ஏறின.

சொன்னேன். கதவு மூடியது.