இரண்டு லோடு கண்மாய் மண்

கண்மாயின் அடிச்சேற்றில் பழைய மகரந்தமும் கரித்துண்டும் பானை ஓடும் அடுக்கடுக்காகப் படிந்து கிடக்கும். எந்தக் காலத்தில் இங்கே என்ன மரம் நின்றது, எப்போது ஆள் குடியேறியது என்பதை அந்த அடுக்கின் வரிசைதான் சொல்லும். அதுதான் என் ஆராய்ச்சி.

ஆலங்குடிப் பக்கம் எங்கள் ஊர்க் கண்மாயில் அடுக்குக் கலையாமல் மண்ணெடுக்கக் குழாய் இறக்க அனுமதி கேட்டு நாயாய் அலைந்தேன். அது கைக்கு வந்தபோது, பொக்லைன் கண்மாயை அடிவரை வழித்துத் தென்னந்தோப்புகளுக்கு அனுப்பியிருந்தது.

கரையில் நின்ற என்னிடம் அண்ணன் சிரித்துக்கொண்டே வந்தார்.

"மூஞ்சிய ஏன் தூக்கி வச்சிருக்க? ஒனக்கு மண்ணு வேணும்னியேன்னு ரெண்டு லோடு நம்ம கொல்லையில கொட்டச் சொல்லிட்டேன்."

அடுக்குக் கலைந்த மண் எதற்கு ஆகும்?

"சுத்தமான மண்ணுடா," என்றார். "ஓடு, கரியெல்லாம் நானே பொறுக்கி வீசிட்டேன்."